மலையேறி வரட்டும் வைத்தியம்

ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் ஒரு கிளினிக் நாளின் விலை ஒரு நாள் சம்பளம். காணொளி வழியான வைத்திய ஆலோசனை இந்தச் சுமையைக் குறைக்க முடியும். அதற்குத் திரை மட்டும் போதாது.

போகவந்தலாவைக்கு மேலே ஒரு தோட்டம். சீனி வியாதியும் பிரஷரும் உள்ள, ஐம்பது வயதைத் தொட்டுவிட்ட ஒரு கொழுந்துத் தொழிலாளிப் பெண்ணுக்கு டிக்கோயா ஆதார வைத்தியசாலையில் மாதக் கிளினிக். அந்த நாள் எப்படிக் கழியும் என்று மலையகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இரத்தம் எடுக்க வேண்டும் என்பதால் வெறும் வயிறு. விடியுமுன்னே பிள்ளைகளுக்கு ரொட்டி சுட்டு வைத்துவிட்டு, மேட்டு லயத்திலிருந்து பஸ் பாதைக்கு இறங்க வேண்டும். மழையென்றால் ஆட்டோ பிடிக்க வேண்டும். வைத்தியசாலையில் நம்பர் எடுத்து, வாங்கில் இடம் பிடித்து, இரத்தத்துக்கு ஒரு வரிசை, டொக்டருக்கு ஒரு வரிசை, மருந்துக்கு ஒரு வரிசை. டொக்டர் முன்னால் உட்காருவது இரண்டு மூன்று நிமிடம். அநேகமான மாதங்களில் கொப்பியில் ஏறுவது போன மாதம் எழுதிய அதே மருந்துகள்தான். வீடு திரும்பும்போது கொழுந்து நிறுத்து முடிந்திருக்கும்.

அன்றைக்குப் பேர் கிடையாது, அதாவது நாட்சம்பளம் இல்லை. 2021இல் ஆயிரம் ரூபாயாகவும் 2024 செப்டம்பரில் 1,350 ரூபாயாகவும் உயர்த்தப்பட்ட நாட்சம்பளத்துக்காக மலையகம் எத்தனை ஆண்டுகள் தெருவில் நின்றது என்பதை வாசகர்கள் அறிவார்கள். அந்த நாளின் சம்பளம் முழுதாகப் போய், பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் கையிலிருந்தும் போகிறது. இப்படி மாதத்துக்கு ஒரு நாள் என்றால், எந்தக் குடும்பமும் ஒரு கட்டத்தில் கணக்குப் பார்க்கத்தான் செய்யும். "இந்த மாதம் உடம்பு பரவாயில்லை" என்று கிளினிக்கை விட்டுவிடுவதும், பக்கத்து வீட்டுக்காரரிடம் நாலு மாத்திரை கடன் வாங்கிச் சமாளிப்பதும் இப்படித்தான் தொடங்குகின்றன. சீனி சத்தமில்லாமல் ஏறும். தேயிலைத் தூரில் குத்திய காயம் ஆறாது. கடைசியில் அந்தப் பெண் வைத்தியசாலைக்கு வரும்போது, கால்விரலைக் காப்பாற்ற முடியுமா என்பதுதான் பேச்சாக இருக்கும்.

இரண்டு நிமிட ஆலோசனைக்காக ஒரு முழு நாளைப் பறிகொடுக்கும் இந்த முறையை மாற்ற முடியும். அதற்கான தொழில்நுட்பம் இன்று ஒவ்வொருவர் கையிலும் இருக்கும் சாதாரணப் பொருள். ஆனால் அந்தத் தொழில்நுட்பம் எந்த வாசல் வழியாகத் தோட்டத்துக்குள் வருகிறது என்பதைப் பொறுத்தே அது மக்களுக்குப் பயன்படுமா, வெறும் விளம்பரமாகப் போகுமா என்பது முடிவாகும். அந்த வாசல் தோட்டத்து டிஸ்பென்சரியாக இருக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

தூரம் எப்படி உண்டானது

மலையகத்தின் வைத்தியப் பிரச்சினையை மைல் கணக்கில் மட்டும் அளக்க முடியாது. கோப்பிக் காலத்தில், 1872இலேயே, தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென்று ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. 1912இல் அது புதுப்பிக்கப்பட்டது. கேட்க நல்ல செய்தியாக இருக்கும். ஆனால் அதன் வழி உருவான ஏற்பாட்டில் தொழிலாளியின் உடம்புக்குப் பொறுப்பாளி தோட்ட நிர்வாகம். துரை அனுமதித்தால் டிஸ்பென்சரி, டிஸ்பென்சரி எழுதிக் கொடுத்தால் வைத்தியசாலை. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை, மருத்துவ மாதை வீட்டு வாசலுக்கே அனுப்பி, இலங்கையின் கிராமங்களில் தாய் சேய் மரணத்தைப் பெருமளவு குறைத்தது. அந்த வலை லயங்களை நெடுங்காலம் முழுமையாக எட்டவில்லை. 1948இல் தோட்டத் தொழிலாளரின் குடியுரிமையே பறிக்கப்பட்ட பிறகு, அரசின் எந்தச் சேவையையும் உரிமையோடு கேட்கும் நிலைமை அவர்களுக்கு இல்லாமல் போனது.

தோட்டங்கள் 1972லும் 1975லும் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. தோட்ட வைத்தியசாலைகளில் சில அரசாங்கத்தின் கைக்கு வந்தன. பல தோட்டங்களில் மிஞ்சியது ஒரு டிஸ்பென்சரியும், ஒரு தோட்ட வைத்திய உதவியாளரும்தான். தோட்டத்தில் அவரை "டொக்டர் ஐயா" என்றே கூப்பிடுவார்கள். அவர் முழுத் தகுதி பெற்ற வைத்தியர் அல்லர். ஆனால் நடுச்சாமத்தில் கதவைத் தட்டினால் எழுந்து வரக்கூடிய ஒரே ஆள் பெரும்பாலும் அவர்தான்.

இந்த வரலாற்றின் விளைவை 2016ஆம் ஆண்டின் தேசிய மக்கள்தொகை, சுகாதார ஆய்வு ஒரே வரியில் காட்டியது. வயதுக்கேற்ற உயரம் இல்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடு முழுவதிலும் ஏறத்தாழ 17 சதவீதம். தோட்டப்புறத்தில் ஏறத்தாழ 32 சதவீதம். இலவச வைத்தியத்துக்குப் பெயர்போன ஒரு நாட்டில், அதன் அந்நியச் செலாவணியைத் தேடித் தந்த மக்களின் பிள்ளைகளில் மூவரில் ஒருவர் வளர்ச்சி குன்றி நிற்கிறார். இதை எழுதும்போது கோபம் வருகிறது. வர வேண்டும்.

நல்லவையும் நடந்திருக்கின்றன. இந்திய உதவியுடன் கட்டப்பட்ட, 150 கட்டில்கள் கொண்ட டிக்கோயா வைத்தியசாலைக் கட்டடத்தை 2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி திறந்துவைத்தார். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை பின்னர் நாடு முழுவதற்கும் விரிந்தது. ஒரு காலத்தில் கம்பளியில் கட்டித் தூக்கியும், கொழுந்து லொறியில் ஏற்றியும் நோயாளிகளைக் கொண்டுபோன மலைகளில் இவை பெரிய மாற்றங்கள். ஆனால் கட்டடம் டிக்கோயாவில் இருக்கிறது. அம்புலன்ஸ் அவசரத்துக்கு இருக்கிறது. மாதா மாதம் பார்க்க வேண்டிய சீனி, பிரஷர், கண், வாய், மனம் ஆகியவற்றுக்கு இன்னும் அதே நடை, அதே பஸ். விசேட வைத்தியர் வேண்டுமென்றால் நுவரெலியா, நாவலப்பிட்டி, அதற்கும் மேலே கண்டி. ஹட்டனிலிருந்து கண்டிக்கு பஸ்ஸில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நூற்றுக்கணக்கான வைத்தியர்கள் நாட்டை விட்டுப் போன நிலையில், எல்லா மலை உச்சிக்கும் ஒரு டொக்டரை அனுப்புவோம் என்று யாராவது சொன்னால் அதை நம்ப முடியாது.

தேனி மலையடிவாரத்தில் ஒரு முன்மாதிரி

டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றி மலையகத்திலும் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். இலவசக் கண் முகாம்களால் புகழ்பெற்ற அந்த நிறுவனம் ஓர் உண்மையை நேர்மையாக ஒப்புக்கொண்டது. முகாமுக்கு வருகிறவர்கள், கண் சிகிச்சை தேவைப்படுகிறவர்களில் ஒரு சிறு பங்குதான். முகாம் ஒரு நாள் வந்து போய்விடுகிறது. பார்வை மங்குவதோ ஒவ்வொரு நாளும் நடக்கிறது.

அதனால் 2004 முதல் சிறு ஊர்களில் பார்வை மையங்களைத் திறந்தார்கள். ஒரு கடை அளவு இடம். அங்கே கண் டாக்டர் இருக்க மாட்டார். கிராமத்துப் பெண்களைத் தெரிந்தெடுத்து, மருத்துவமனையிலேயே பயிற்சி கொடுத்து உருவாக்கிய தொழில்நுட்பப் பணியாளர் இருப்பார். வருகிறவரின் பார்வையை அளப்பது, கண்ணழுத்தம் பார்ப்பது, விளக்குக் கருவியில் கண்ணைப் பரிசோதிப்பது எல்லாம் அவர் வேலை. விவரங்கள் கணினியில் ஏறும். அதன் பிறகு பெரிய மருத்துவமனையில் உட்கார்ந்திருக்கும் டாக்டர் திரையில் வந்து நோயாளியோடு நேரடியாகப் பேசுவார். கண்ணாடிதான் தேவை என்றால் அங்கேயே கிடைக்கும். சொட்டு மருந்தும் அங்கேயே. அறுவைச் சிகிச்சை தேவைப்படுகிறவர்கள் மட்டும் பெரிய மருத்துவமனைக்குப் போவார்கள். பெரும்பாலானோருக்கு அந்தச் சின்ன அறையிலேயே காரியம் முடிந்துவிடுகிறது. இன்று இப்படிப்பட்ட மையங்கள் நூறுக்கும் மேல்.

இணையம் இல்லையே என்ற கேள்வி அவர்களுக்கும் வந்தது. தமிழ்நாட்டின் தேனிப் பக்கத்து ஊர்களில் அன்று நல்ல இணைப்பு கிடையாது. அமெரிக்காவின் பெர்க்லி கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து, விலை குறைந்த வைஃபை கருவிகளையே கோபுரங்களில் ஏற்றி, திசை பார்த்துத் திருப்பிவைத்த அன்டனாக்களால் பல கிலோமீட்டர் தூரத்துக்கு இணைப்புக் கொடுத்தார்கள். வலையமைப்புக் கம்பனி கோபுரம் போடும்வரை காத்திருக்கவில்லை. நமக்கும் இதில் பாடம் இருக்கிறது. நம் மலைகளில் சிக்னல் விழும் இடத்துக்கும் விழாத இடத்துக்கும் நடுவே சில சமயம் ஒரே ஒரு மேடுதான் குறுக்கே நிற்கிறது.

இந்தியாவின் பொதுத் துறையும் பின்னர் இந்த வழிக்கு வந்தது. 2019இல் தொடங்கிய இ-சஞ்சீவனி சேவை இரண்டு கிளைகளாக இயங்குகிறது. ஒன்றில் கிராமச் சுகாதார நிலையத்திலுள்ள பணியாளர் நோயாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டாக்டரை அழைப்பார். கொரோனா ஊரடங்கில், 2020 ஏப்ரலில் வந்த இரண்டாவது கிளையில் நோயாளி வீட்டிலிருந்தே அழைக்கலாம். 2023 பிப்ரவரிக்குள் இரண்டிலுமாகப் பத்துக் கோடி ஆலோசனைகள் நடந்திருந்தன. அதிகமாகப் பயன்படுத்திய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

கைத்தொலைபேசிச் செயலி போதாதா?

இலங்கையிலும் ஓடொக், டொக்990 போன்ற தனியார் சேவைகள் கொரோனாவுக்கு முன்பே இயங்கின. கட்டணம் செலுத்த முடிந்தவர்களுக்கும், நல்ல தொலைபேசியும் இணைப்பும் உள்ளவர்களுக்கும் அவை உதவுகின்றன. தோட்டத்துப் பிள்ளைகள் கொழும்பிலிருந்து பணம் கட்டி, ஊரிலுள்ள அம்மாவை டொக்டரோடு பேசவைப்பதும் நடக்கக்கூடியதே. ஆனால் தோட்டம் முழுவதற்குமான ஏற்பாடாக இதை நினைத்தால் மூன்று இடங்களில் இடிக்கும்.

முதலாவது, தொலைபேசி யார் கையில் இருக்கிறது என்பது. வீட்டில் ஒரே ஒரு நல்ல போன் என்றால், அது மகனுடையதாகவோ புருஷனுடையதாகவோ இருக்கும். அது வேலைக்கும் அவர்களோடு போய்விடும். சிகிச்சை அதிகம் தேவைப்படுகிற நடுவயதுப் பெண் அந்த நேரம் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருப்பார்.

இரண்டாவது, லயத்து வாழ்க்கை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவும் ஒரு இஸ்தோப்பும் கொண்ட வீட்டில், அடுத்த வீட்டுச் சுவர் வழியாக எல்லாம் கேட்கும். மாதவிடாய்க் கோளாறு, குடும்பக் கட்டுப்பாடு, புருஷன் அடித்த அடி, மனச்சோர்வு, குடிப்பழக்கம் ஆகியவற்றை அங்கே உட்கார்ந்து ஒரு திரையிடம் எப்படிச் சொல்வது? இரகசியமாகப் பேச ஓர் அறை கிடைப்பதே இங்கு வைத்தியத்தின் முதல் படி.

மூன்றாவது, அளவுகள். பிரஷர் எவ்வளவு, சீனி எவ்வளவு, இரத்தத்தில் ஒட்சிசன் எவ்வளவு, எடை கூடியதா குறைந்ததா என்பதெல்லாம் தெரியாமல் டொக்டர் சொல்லும் ஆலோசனை பெரும்பாலும் ஊகமாகத்தான் இருக்கும். அளந்து சொல்ல ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இந்த மூன்றுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. டிஸ்பென்சரியில் கதவு மூடக்கூடிய அறை இருக்கிறது. பிரஷர் பார்க்கத் தெரிந்த ஆள் இருக்கிறார். தொழிலாளிக்கும் அந்தப் பாதை பழக்கமானது.

அந்த அறையில் என்ன நடக்க வேண்டும்

முன்னே சொன்ன அதே பெண்ணை எடுத்துக்கொள்வோம். புதன்கிழமை கிளினிக் நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் வேலைக்குப் போகுமுன்பே டிஸ்பென்சரியில் விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சீனி பார்த்தாகிவிட்டது. பிரஷரும் எடையும் கிளினிக் கொப்பியில் ஏறிவிட்டன. பத்தரை மணிக்கு அவர் முறை. படங்கைக் கழற்றிவைத்துவிட்டு வந்து உட்காருகிறார். திரையில் ஆதார வைத்தியசாலையின் டொக்டர்.

முதலில் மாத்திரை அட்டைகளைக் காட்டச் சொல்கிறார். இருபது நாளைக்கு முன்பே தீர்ந்திருக்க வேண்டிய அட்டையில் பாதி மிச்சமிருந்தால் காரணம் கேட்கலாம். இராத்திரி மாத்திரை போட்டால் அடிக்கடி எழுந்து வெளியே போக வேண்டியிருக்கிறது, லயத்திலிருந்து கக்கூஸ் தூரம் என்று அவர் சொல்லக்கூடும். மாத்திரை நேரத்தைக் காலைக்கு மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். அடுத்துக் கால். உதவியாளர் கமராவைக் கீழே இறக்கி, பாதத்தைத் திருப்பி, விரல்களை விரித்துக் காட்டுகிறார். அட்டை கடித்த இடம் ஒன்று கறுத்திருக்கிறது. முன்னங்காலில் விரலால் அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்க்கச் சொல்கிறார் டொக்டர். உள்ளங்காலில் பஞ்சால் தொட்டு, தெரிகிறதா என்று கேட்கச் சொல்கிறார். உணர்ச்சி குறைந்திருந்தால் அடுத்த வாரம் நேரில் வரச் சொல்லலாம். நன்றாக இருந்தால் மருந்தை மாற்றி எழுதி, அடுத்த மாதம் இதே நாள் என்று முடித்துவிடலாம். மொத்தம் பத்து நிமிடம். பதினொரு மணிக்கு அவர் மறுபடியும் மலையில்.

இதில் மாயம் எதுவும் இல்லை. தேவையானவை ஒரு டெப்லெட், ஒரு பிரஷர் கருவி, சீனி பார்க்கும் கருவி, ஒட்சிசன் அளக்கும் கிளிப், தராசு, மின்சாரம் போனால் தாங்க ஒரு பெட்டரி. இவை எல்லாமே கடையில் வாங்கக்கூடியவை. வாங்க முடியாதது, அந்த நேரத்தில் மறுபக்கம் ஒரு டொக்டர் தவறாமல் வந்து உட்காருவது. அதற்கு வைத்தியசாலை நேர அட்டவணையிலேயே காணொளிக் கிளினிக் இடம்பெற வேண்டும். மிச்ச நேரத்தில் பார்க்கும் உபரி வேலையாக விட்டால் இரண்டு மாதத்தில் நின்றுபோகும்.

எந்த வியாதிக்கு எவ்வளவு

சீனி, பிரஷர், ஆஸ்துமா போன்ற நீண்டகால வியாதிகளின் தொடர் கவனிப்புக்கே காணொளி முதலில் உதவும். அதற்கு அப்பாலும் மலையகத்துக்கென்று சில தேவைகள் இருக்கின்றன.

வாய்ப்புற்று, இலங்கை ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் முதலிடத்தில் இருக்கிறது. தோட்டத்தில் ஆணும் பெண்ணும் புகையிலையோடு வெற்றிலை போடுகிறார்கள். குளிருக்கும் களைப்புக்கும் பசிக்கும் அது துணை. புற்றாவதற்கு முன் கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ படலம் தோன்றும், வாய் திறப்பது குறையும். நல்ல வெளிச்சத்தில் எடுத்த ஒரு தெளிவான படம் போதும், நேரில் பார்க்க வேண்டியவர் யார் என்று பல் வைத்தியர் சொல்லிவிடுவார். இதற்கு நேரடிக் காணொளிகூட வேண்டியதில்லை. படத்தை அனுப்பிவைத்தால், சிக்னல் மந்தமாக இருந்தாலும் போய்ச் சேரும். தோல் வியாதிகளுக்கும் இதே வழி பொருந்தும்.

மனநலம் இன்னொன்று. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு யாரும் அழைக்கலாம். ஆனால் சிகிச்சை தொடர வேண்டுமென்றால் அதே வைத்தியரை மறுபடியும் மறுபடியும் பார்க்க வேண்டும். நகரத்துக்குப் போய், "பைத்தியத்துக்கு மருந்து எடுக்கிறாள்" என்ற பேச்சுக்கு ஆளாகாமல், டிஸ்பென்சரிக்குள்ளேயே பேசிவிட்டு வரலாம் என்றால் பலர் இடையில் விட மாட்டார்கள். கர்ப்பிணிகளுக்கு இரத்தச்சோகை, பிரஷர் ஆகியவற்றை இடைநாட்களில் கண்காணிக்கவும், குறைமாதக் குழந்தையின் எடையை வாரா வாரம் பார்க்கவும் இது குடும்பநல உத்தியோகத்தருக்குத் துணையாகும்.

தமிழில் கேட்க, தமிழில் சொல்ல

காணொளி மலையகத்துக்குத் தரக்கூடிய பெரிய நன்மை தூரத்தைக் குறைப்பது மட்டுமல்ல. சிங்களம் மட்டும் பேசும் வைத்தியர் முன் தமிழ் மட்டும் பேசும் நோயாளி உட்காருவது இங்கே அன்றாடக் காட்சி. இதில் வைத்தியரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவரும் திணறுகிறார். பள்ளிக்கூடம் போகும் மகளோ, வாட்டில் வேலை செய்யும் சிற்றூழியரோ, பக்கத்துக் கட்டில்காரரோ நடுவே நின்று பேச்சை மாற்றிச் சொல்கிறார்கள். தாயின் கர்ப்பப்பைப் பிரச்சினையைப் பன்னிரண்டு வயது மகன் டொக்டரிடம் விளக்க வேண்டிய நிலைமை எந்தக் குடும்பத்துக்கும் வரக்கூடாது.

1987இல் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரச கரும மொழியாயிற்று. ஆனால் தமிழ் பேசும் வைத்தியர்கள் எல்லா இடத்திலும் சமமாக இல்லை. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மருத்துவ பீடங்கள் இருக்கின்றன. போதனா வைத்தியசாலைகளில் விசேட வைத்தியர்கள் இருக்கிறார்கள். வாரத்தில் இரண்டு மணி நேரம் மலையகத் தோட்டம் ஒன்றின் திரையில் வந்து உட்காருவதற்கு அவர்கள் மலையேற வேண்டியதில்லை. ஹட்டனில் வைத்தியரை நேரில் பார்க்கும் நோயாளிக்குக்கூட, யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தமிழ்த் தாதியைத் திரையில் இணைத்துப் பேச்சை விளங்கவைக்கலாம். வடக்கையும் கிழக்கையும் மலையகத்தையும் மேடைப் பேச்சுகள் எத்தனையோ முறை இணைத்திருக்கின்றன. நோயாளியின் அறையில் இணைத்தால் அது நிலைக்கும்.

திரை உதவாத இடங்கள்

இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மலையில் குளவி கொட்டி, முகம் வீங்கி, மூச்சுத் திணறுகிறவருக்குக் காணொளி வைத்தியம் கிடையாது. உடனே அட்ரினலின் ஊசியும் 1990 அம்புலன்ஸும்தான் வேண்டும். எனவே, டெப்லெட் வைக்கும் டிஸ்பென்சரியில் அந்த ஊசியும், அதைப் போடத் தெரிந்த ஆளும் இல்லையென்றால், டெப்லெட் பணம் வீண். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட பரிந்துரைகளும் இதையே அழுத்திச் சொல்கின்றன. தொலைவழி ஆலோசனை நேரடிச் சிகிச்சைக்குத் துணையாக இருக்கலாம், அதன் இடத்தைப் பிடிக்கக்கூடாது. "காணொளிக் கிளினிக் இருக்கிறதே" என்று சொல்லி ஒரு மாவட்ட வைத்தியசாலையின் டொக்டர் பதவியை வெறுமையாக விட்டுவைக்கும் நாள் வந்தால், அதை எதிர்த்து முதலில் குரல் கொடுக்க வேண்டியவர்கள் இந்தத் திட்டத்தை ஆதரிக்கும் நாம்தான்.

திரைக்காகக் காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டியவை

• நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கக் கை கால் திடீரென்று விளங்காமல் போவது, பேச்சுக் குழறுவது
• குளவிக்கொட்டு, பாம்புக்கடி
• கர்ப்பிணிக்கு இரத்தப்போக்கு, கடும் தலையிடி, கண் மங்கல், வலிப்பு, பிள்ளை அசைவு குறைவது
• காய்ச்சலோடு விடாத வாந்தி, கடும் வயிற்றுவலி, சிறுநீர் குறைவது. டெங்காகவோ எலிக்காய்ச்சலாகவோ இருக்கலாம்
• குழந்தை பால் குடிக்க மறுப்பது, சோர்ந்து விழுவது

மருந்து இல்லாத ஆலோசனை

அவுஸ்திரேலியாவில் 1928இல் குளோன்கரி என்ற ஊரிலிருந்து பறக்கும் வைத்தியர் சேவை தொடங்கியது. அடுத்த ஆண்டே, காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கும் வானொலிக் கருவியை அல்பிரெட் டிரேகர் உருவாக்கினார். பாலைவனப் பண்ணைகளில் இருந்தவர்கள் அதன் மூலம் வைத்தியரோடு பேசினார்கள். ஆனால் பேச்சு மட்டும் நோயைத் தீர்க்கவில்லை. 1942 முதல் ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு மருந்துப் பெட்டி கொடுக்கப்பட்டது. அதிலிருந்த ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் எண். பெயர் வாசிக்கத் தெரியாதவரும் வைத்தியர் சொல்லும் எண்ணைப் பார்த்து எடுத்துக் கொடுக்கலாம்.

எண்பது ஆண்டுக்கு முந்தைய அந்த ஏற்பாட்டைவிடக் குறைவாக நம் டிஸ்பென்சரி இருக்கக்கூடாது. டொக்டர் திரையில் எழுதும் மருந்து அன்றே கையில் கிடைக்க வேண்டும். அதை வாங்க மறுபடியும் ஹட்டன் டவுனுக்குப் போவதென்றால், மிச்சப்படுத்திய நாள் திரும்பவும் போய்விடும். இதற்கு வழி நாமே கண்டிருக்கிறோம். 2020 ஊரடங்கில் அரச வைத்தியசாலைகளின் கிளினிக் மருந்துகள் தபால் மூலம் வீடுகளுக்கே போயின. நெருக்கடியில் செய்ய முடிந்ததைச் சாதாரண நாளில் ஏன் செய்ய முடியாது? மாதத்துக்கு ஒரு முறை, பெயர் எழுதிய பொட்டலங்களாக, வைத்தியசாலையிலிருந்து டிஸ்பென்சரிக்கு மருந்து வரட்டும்.

இனி யார் என்ன செய்ய வேண்டும்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைக் கிழித்துப் போட்டது. நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மண்சரிவுகள் பாதைகளை மூடின, மலையக ரயில் பாதை சிதைந்தது. வைத்தியசாலைக்குப் போகவே முடியாத நாட்களில் இன்சுலின் போடுகிறவர் என்ன செய்வார், டயலிசிஸ் செய்கிறவர் என்ன செய்வார் என்ற கேள்வி அன்று ஒவ்வொரு தோட்டத்திலும் எழுந்தது. அதே நாட்களில் மின்சாரமும் தொலைபேசிக் கோபுரங்களும் பல இடங்களில் செயலிழந்தன. ஆகவே, வெறும் கைத்தொலைபேசிச் சிக்னலை நம்பிக் கட்டும் ஏற்பாடு, மிகத் தேவையான நாளில் கைவிட்டுவிடும். 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையம் இலங்கையில் தொடங்கியது. பாதை துண்டிக்கப்படும் தோட்டங்களுக்கு, ஒரு பிரதேசத்துக்கு ஒன்றாவது, சூரிய மின்கலத்தோடு அப்படியொரு இணைப்பு வைப்பதைப் பேரிடர் ஆயத்தத்தின் பகுதியாகவே கருத வேண்டும்.

சுகாதார அமைச்சும் மத்திய மாகாணச் சுகாதாரத் திணைக்களமும் முதலில் செய்ய வேண்டியது, ஒரு பிரதேசத்தைத் தெரிந்தெடுத்துத் தொடங்குவது. மஸ்கெலியா, போகவந்தலாவைப் பக்கத் தோட்டங்களை டிக்கோயாவோடு இணைக்கலாம். அக்கரப்பத்தனை, லிந்துலைப் பக்கத்தை நுவரெலியாவோடு இணைக்கலாம். தோட்ட வைத்திய உதவியாளர்களுக்கும் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும் முறையான பயிற்சியும் அதற்கான அங்கீகாரமும் சம்பளமும் தர வேண்டும். அரவிந்தில் எல்லாவற்றையும் தாங்கி நிற்பது அந்தக் கிராமத்துப் பெண்களின் பயிற்சிதான். தோட்டத்தில் உயர்தரம் படித்துவிட்டுக் கொழும்பில் கடைக்கும் கார்மெண்டுக்கும் போகிற நம் பெண்பிள்ளைகளுக்கு இங்கே ஒரு மதிப்பான தொழில் காத்திருக்கிறது.

கம்பனிகள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, அதைத் தட்டிக்கழிக்கக்கூடாது. டிஸ்பென்சரியில் டொக்டரைப் பார்க்கும் நேரத்துக்குச் சம்பளம் வெட்டக்கூடாது. அரைப்பேர் போடுவதென்றால் இந்த முழு முயற்சியும் அர்த்தமற்றது. நோய் முற்றாத தொழிலாளி கம்பனிக்கும் இலாபம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நோயாளியின் தகவல்கள் காக்கப்பட வேண்டும். குறிப்பாக, தொழிலாளியின் வியாதி விவரம் தோட்ட அலுவலகத்தின் மேசைக்குப் போகக்கூடாது. தொழிலாளிக்கு வருத்தம் இருப்பது தெரிந்தால் வேலை குறையும் என்ற பயம் இருக்கும்வரை, யாரும் அந்த அறையில் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.

தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தைக்கு உட்காரும்போது இந்தக் கோரிக்கையையும் மேசையில் வைக்கட்டும். இருநூறு ஆண்டுகளாக இந்த மக்கள் வைத்தியத்தைத் தேடி மலையிறங்கிப் போயிருக்கிறார்கள். வைத்தியம் மலையேறி வருவதற்கான வழி இப்போது இருக்கிறது, செலவும் தாங்கக்கூடியதே. ஒரு தோட்டத்தின் ஒரு டிஸ்பென்சரியில், வாரத்தில் ஒரு நாள், தமிழ் பேசும் ஒரு டொக்டரோடு, சம்பள வெட்டு இல்லாமல், கையோடு மருந்து கொடுத்துத் தொடங்கினாலே போதும். அது நன்றாக நடந்தால், பக்கத்துத் தோட்டத்து மக்கள் தங்களுக்கும் வேண்டும் என்று தாங்களே கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு யாராலும் இல்லை என்று சொல்ல முடியாது.